விரதமும் மாத்திரையும்: மருத்துவரிடம் மறைக்கலாமா?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள் யோசித்தேன். தல வரலாறும் சித்தாந்தமும் எழுத என்னிலும் தகுதி வாய்ந்த பெருமக்கள் இருக்கிறார்கள். நான் துறைமுகத்தில் 36 ஆண்டுகள் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கோயிலில் தொண்டூழியம் செய்து வருகிறேன். வயது 74. இனிப்பு நீர் வந்து 23 ஆண்டுகள் ஆகின்றன. இரத்தக் கொதிப்பு அதற்கும் மூத்தது. ஆகவே மருத்துவனாக இல்லாவிட்டாலும் நோயாளியாக எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, என் வயதை ஒத்த அன்பர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு கந்த சஷ்டி. ஆறு நாளும் பகலில் ஒன்றும் உண்ணாமல், இரவில் மட்டும் பாலும் பழமும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். நான்காம் நாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, தினமும் விழுங்கும் மாத்திரைகளை விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பதினொரு மணி வாக்கில் அபிஷேகத்திற்கு வந்த பால் குடங்களை வாங்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது. சட்டை முழுக்க நனைந்துபோனது. வெக்கை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிரே நின்றவரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அவர் தினமும் என்னோடு நின்று வேலை செய்கிறவர். அதற்குப் பிறகு நடந்தவை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் சரிந்து விழுந்ததும் ஒருவர் என் வாயில் பஞ்சாமிர்தத்தை ஊட்டப் பார்த்தாராம். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் தொண்டூழியர்களில் ஒரு பெண்மணி தாதியாக வேலை பார்ப்பவர். நினைவு தப்பியவர் வாயில் எதையும் போடக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று தடுத்து, என்னை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, 995க்கு அழைத்திருக்கிறார். அவசர மருத்துவ வண்டியில் விரலைக் குத்திப் பார்த்தபோது இரத்தத்தில் சர்க்கரை 2.3. நான்குக்குக் கீழே இறங்கினாலே குறைவு என்பது அன்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும்.

மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் சீனப் பெண் மருத்துவர். குளுக்கோஸ் ஏற்றி எனக்குத் தெளிவு வந்த பிறகு அருகில் வந்து, "அங்கிள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். விரதம் என்றேன். "மாத்திரை?" அதை மட்டும் தவறாமல் சாப்பிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "இந்த விரதம் உங்கள் பலதுறை மருந்தகத்து மருத்துவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சஷ்டி விரதத்தை அதற்கு முன் 14 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரையும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அந்த மருத்துவர் கேட்கவில்லை. மறுநாள் மாலை வரை அங்கே படுத்திருந்தபோது நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். சொன்னால் விரதம் இருக்காதே என்பார்கள். சொல்லாவிட்டால் தடுக்க மாட்டார்கள். காரணம் இவ்வளவுதான். இதற்கு மேலே மரியாதை, மருத்துவருக்கு நேரமில்லை, சீனருக்கு நம் விரதம் புரியாது என்று பல சமாதானங்களைப் போர்த்தி வைத்திருந்தேன்.

ஹாஜி செய்த காரியம்

எங்கள் அடுக்குமாடியில் அதே மாடியில் ஒரு மலாய்ப் பெரியவர் இருக்கிறார். ஹாஜி என்றுதான் எல்லாரும் அழைப்போம். அவருக்கும் இனிப்பு நீர், என்னைவிடக் கூடுதலாக. நான் மருத்துவமனையிலிருந்து வந்ததும் பார்க்க வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "நோன்புக்கு இரண்டு மாதம் முன்னாலேயே நான் மருத்துவரைப் பார்த்துவிடுவேனே, நீங்கள் பார்ப்பதில்லையா?" என்று கேட்டார். அவர் நோன்பு மாதத்தில் எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது, எப்போது இரத்தம் சோதிப்பது என்று மருத்துவர் எழுதித் தந்த தாளை எனக்குக் காட்டினார்.

இதற்கென்று முறையான வழிகாட்டியே உண்டு. அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் ரமலான் நோன்புக்காக 2016இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு 2021இல் அதைப் புதுப்பித்தது. சர்க்கரை 3.9க்குக் கீழே போனாலோ 16.6க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று அதில் தெளிவாக வரையறை செய்திருக்கிறார்கள். முஸ்லிம் அன்பர்கள் மருத்துவரிடம் கேட்டார்கள். அதனால் மருத்துவர்களும் கற்றுக்கொண்டார்கள். நாம் கேட்பதில்லை. நம்முடைய விரதமோ ஒரே மாதிரியாகவும் இல்லை. சஷ்டி ஆறு நாள், புரட்டாசிச் சனி, ஏகாதசி, சிவராத்திரி, தைப்பூசத்திற்கும் தீமிதிக்கும் வாரக் கணக்கில். ஒருவர் ஒரு வேளை உண்பார், ஒருவர் பால் பழம், ஒருவர் தண்ணீர்கூட இல்லை. "நான் விரதம்" என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவருக்கும் ஒன்றும் விளங்காது. எத்தனை நாள், எத்தனை வேளை, என்ன ஆகாரம், தண்ணீர் உண்டா, வெயிலில் நடப்பதுண்டா என்று சொன்னால்தான் அவர் கணக்குப் போட முடியும்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

எனக்கு அப்போது கொடுத்திருந்தவை இரண்டு வகை. ஒன்று மெட்ஃபார்மின். இதைத் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. மற்றது கிளிபிசைட். இது சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது; கிளிக்லசைட், கிளைமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் அதே குடும்பம். இவை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அவற்றுக்குத் தெரியாது. சோறு வரும் என்று நம்பி இன்சுலின் இறங்கிவிடும். வயிற்றில் ஒன்றுமில்லை என்றால் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் துடைத்துவிடும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே அபாயம் உண்டு.

வயதானவர்களுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. வயது ஏற ஏறச் சிறுநீரகம் மெதுவாகிறது. அதனால் சில மருந்துகள் உடம்பை விட்டுப் போக நேரம் பிடிக்கிறது. என்னை ஒரு நாளுக்கு மேல் மருத்துவமனையில் வைத்திருந்ததற்கு அதுதான் காரணம். ஒரு முறை சர்க்கரை ஏறியதும் வீட்டுக்கு அனுப்பினால், மாத்திரையின் வேலை முடியாததால் இரவில் மறுபடி இறங்கிவிடலாம்.

இப்போது புதிதாகப் பலருக்கும் கொடுக்கிற எம்பாகிளிஃப்ளோசின், டாப்பாகிளிஃப்ளோசின் போன்றவை வேறு விதம். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் நல்லது என்று கொடுக்கிறார்கள். ஆனால் தண்ணீரும் ஆகாரமும் இல்லாத விரதத்தில் உடம்பு வறண்டு, இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. சர்க்கரை எண் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும்போதே இது நடக்கலாம் என்பதால் ஏமாந்துபோவோம். இரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ சாப்பிடும் அட்டெனோலால், பிசோப்ரோலால் வகை மாத்திரைகள் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும். கோயில் கூட்டத்தில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை!

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். விரத நாளில் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டுச் சர்க்கரை இருபதுக்கு மேல் ஏறி மருத்துவமனைக்குப் போன அன்பர் ஒருவரும் எங்கள் குழுவில் இருக்கிறார். உங்கள் மாத்திரை எந்த வகை, விரத நாளில் அதை என்ன செய்வது என்று மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள்.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்பிஏ1சி என்று ஒரு சோதனை எடுக்கிறார்கள் அல்லவா, அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. எனக்கு 6.3 வந்திருந்தது. பரீட்சையில் முதல் மாணவனைப் போல எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மாத்திரையோடு, அந்த வயதில், அவ்வளவு குறைவான எண் நல்ல சேதி அல்ல என்பது. பலருக்கு 7 அளவில் வைத்திருப்பார்கள். மூத்தவர்களுக்கும் வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் 8 வரைகூட அனுமதிப்பதுண்டு. உங்களுக்கு உரிய எண் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருடைய எண் உங்களுக்கு உதவாது.

இன்னும் என்னென்ன மறைக்கிறோம்

எனக்கு நேர்ந்ததைக் கோயிலில் வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்ததும், ஒவ்வொருவராக வந்து தாங்கள் மறைத்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கி மாதக் கணக்கில் விழுங்கும் மாத்திரை. அதில் டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் வகையாக இருந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்தக் கொதிப்பையும் ஏற்றும். ஊரிலிருந்து வருகிறவர் கையில் கொடுத்துவிடும் லேகியம், சூரணம். பாகற்காய்ச் சாறு. நான் நாட்டு மருந்தைக் குறை சொல்லவில்லை. என் பாட்டி கைவைத்தியத்தில்தான் வளர்ந்தேன். ஆனால் பாகற்காய்ச் சாறு சர்க்கரையைக் குறைக்கும் என்றால், மாத்திரையும் குறைக்கும்போது இரண்டும் சேர்ந்து எவ்வளவு குறைக்கும் என்பதை யாராவது கணக்குப் பார்க்க வேண்டாமா?

பேர் தெரியாத மாத்திரைகள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மூட்டு வலி மூன்றே நாளில் பறந்துபோகும் என்று விற்கப்பட்ட சில பொருள்களில், லேபிளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. வலி போவது உண்மைதான். அதோடு சர்க்கரையும் ஏறும், எலும்பும் பலவீனமாகும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிறகு, மாத்திரை சாப்பிடாமலேயே சாப்பிட்டேன் என்று சொல்வது. இதைச் செய்யாத முதியவர் குறைவு என்று நினைக்கிறேன். என் மனைவி கொழுப்பு மாத்திரையை ஏழு மாதம் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். கால் வலிக்கிறது என்பது காரணம். மருத்துவரோ, மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று அளவைக் கூட்டிக் கொடுத்தார். அவர் மேல் என்ன தவறு? பிறகு ஒரு நாள் உண்மையைச் சொன்னதும், சிரித்துவிட்டு வேறு மாத்திரை மாற்றித் தந்தார். கால் வலியும் இல்லை.

கால் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனிப்பு நீர் பல ஆண்டு இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். எங்களோடு நெடுங்காலம் தொண்டு செய்த பெரியவர் ஒருவர் நண்பகலில் வெறுங்காலோடு பிராகாரத்தை வலம் வந்தார். தரை கொதித்தது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்த பிறகு பேரப்பிள்ளைதான் கொப்புளத்தைப் பார்த்தது. புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாத மரமரப்பு ஓராண்டாகவே இருந்ததாம். வயதானால் இப்படித்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. பலதுறை மருந்தகங்களில் ஆண்டுக்கு ஒரு முறை பாதத்தையும் கண்ணையும் சோதிக்கிறார்கள். வலி இல்லையே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். வலி தெரியாமல் போவதே இந்த நோயின் ஒரு குணம். தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு வரை பால் குடத்தோடு நடக்க நினைக்கும் மூத்தவர்கள், முன்கூட்டியே பாதத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவர் அறையில்

மருத்துவரோடு நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் பாதி, உடை சரிசெய்து உட்காருவதிலேயே போய்விடுகிறது. நான் இப்போது செய்வது இது: எல்லா மருந்தையும், நாட்டு மருந்து, தைலம், வைட்டமின் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போகிறேன். பட்டியலாக எழுதிக் காட்டுவதைவிடப் பையைக் கவிழ்ப்பது மேல். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு இடத்திலிருந்து எனக்கு வந்திருந்ததை அப்படித்தான் மருந்தாளர் கண்டுபிடித்தார். ஒரு சிறு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்கிறேன். முக்கியமானதை முதலில் கேட்கிறேன். முன்பெல்லாம் கதவருகே போய் நின்று, "ஆமாம் டாக்டர், நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரி..." என்று இழுப்பேன். அந்தப் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

அவர் சொன்னதை நானே திருப்பிச் சொல்லிக் காட்டுகிறேன். "அப்படியென்றால் இந்த மாத்திரை இரவு சாப்பாட்டோடு, விரத நாளில் பாதி, சரிதானா?" தலையாட்டிவிட்டு வெளியே வந்து பிள்ளையைக் கேட்பதைவிட இது சுலபம்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்க மகனோ மகளோ கூட வருவது பெரிய உதவி. ஆனாலும் சில விஷயங்களை மகன் முன்னால் தாய் சொல்ல மாட்டார். சிறுநீர் கசிவது, மாதவிடாய் நின்ற பல ஆண்டுகளுக்குப் பிறகு இரத்தம் படுவது, மனம் சோர்ந்து தூக்கம் இல்லாதது. இவற்றில் இரண்டாவதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவரோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்றும் கேட்கலாம். பிள்ளைகளும் அம்மாவுக்குப் பதிலாகத் தாங்களே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடாமல், கொஞ்சம் வெளியே போய் உட்கார வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் வருகிறார், யாரிடம் சொல்வது என்று சிலர் குறைப்படுகிறார்கள். நியாயமான குறைதான். 2023 ஜூலையில் 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் தொடங்கியதன் நோக்கங்களில் ஒன்று, 40 வயதைக் கடந்தவர்கள் ஒரே மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து அங்கேயே போக வேண்டும் என்பது. முதலில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் அழைத்தார்கள். சேர்ந்த பிறகு நடக்கும் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. நான் வீட்டுக்குக் கீழே இருக்கும் மருந்தகத்தில் சேர்ந்தேன். அந்த முதல் சந்திப்பிலேயே, ஆண்டின் விரத நாள்களைக் காலண்டரில் வட்டமிட்டு எடுத்துப் போனேன். மருத்துவர் சீனர். சஷ்டி என்றால் என்ன என்று கேட்டார். சூரனைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே காலண்டரில் குறித்துக்கொண்டார்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. இதைத்தான் நான் 14 ஆண்டு பயந்துகொண்டிருந்தேன். கிளிபிசைட்டை முன்பே மாற்றிவிட்டிருந்தார்கள். ஆறு நாளும் பகலில் தண்ணீர் குடிக்க வேண்டும், மதியம் ஒரு தம்ளர் மோரும் கொஞ்சம் அவலும் எடுக்க வேண்டும், தினமும் மூன்று முறை இரத்தம் சோதிக்க வேண்டும், 4க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், அன்றைக்கு விரதம் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கடைசி நிபந்தனைக்குத்தான் நான் கொஞ்சம் தயங்கினேன். பாலையோ சாக்லேட்டையோ நம்பாதீர்கள், அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மதியம் அவல் சாப்பிட்டால் அது என்ன விரதம் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். அவருக்கு 41 வயது. ஒரு நோயும் இல்லை. எங்கள் குருக்களிடம் கேட்டேன். நோயாளிக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் விரதத்தில் எப்போதும் தளர்வு உண்டு, இத்தனை நாள் என்னிடமும் கேட்கவில்லையே என்றார். ஆக, மருத்துவரிடம் மட்டுமல்ல, குருக்களிடமும் நான் கேட்காமலேதான் இருந்திருக்கிறேன்.

போன சஷ்டியில் ஆறு நாளும் முடித்தேன். ஐந்தாம் நாள் மதியம் மட்டும் 4.2 காட்டியது, அவலை அரை மணி முன்னதாகவே சாப்பிட்டேன். கோயிலுக்குள் இரத்தம் எடுப்பது சரியில்லை என்பதால், வெளியே செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டிப் போய், அங்கே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துதான் விரலைக் குத்திக்கொள்கிறேன். முதல் நாள் நான் மட்டும் இருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து பக்கத்தில் இன்னும் இரண்டு பேர், ஆளுக்கொரு கருவியோடு.